வேண்டாம் என்று சொல்லாதவன் ஏமாளியா?

இரவு ஷிப்டு முடித்து அயர்ந்து படுத்திருக்கிறான் தொழிலாளி. பகல் பதினொரு மணிக்குக் கைப்பேசி அலறுகிறது. ஊரிலே தாய்க்கு ஏதேனும் ஆகிவிட்டதோ என்று பதறி எழுகிறான். "சார், உங்களுக்கு லோன் தயார்!" என்கிறது மறுமுனை. கடன் கேட்டானா? இல்லை. எண்ணைக் கொடுத்தானா? இல்லை. தூக்கம் மட்டும் போயிற்று!

இது சின்னத் தொல்லைதானே என்று சிரிப்போர் உண்டு. கொத்தனாருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் தெரியாத எண்ணிலிருந்துதான் நாளைய வேலை வருகிறது. எடுக்காமல் இருக்க அவர்களால் முடியுமா?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2007-இல் அழைப்பு வேண்டாதோர் பதிவேடு வந்தது. தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2010-இல் விதி வகுத்தது. 2018-இல் புதிதாக எழுதியது. 1909 என்ற எண்ணில் "வேண்டாம்" என்று பதியலாம். விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண் என்றார்கள். விளைவு? முறையாகப் பதிந்த வியாபாரி அந்த எண்ணுக்குள் அடங்கினான். பதியாதவனோ சாதாரணப் பத்து இலக்க எண்ணோடு கொல்லைப்புற வழியாக வந்தான்!

2025 பிப்ரவரியில் விதி இறுகியது. நம் பெயர் பதிவேட்டில் இல்லாவிட்டாலும் இத்தகையவன்மீது 7 நாளுக்குள் புகார் தரலாம். 30 நாளாக இருந்த நடவடிக்கைக் கெடு 5 நாளாயிற்று. 10 நாளில் 5 புகார் சேர்ந்தால் நடவடிக்கை. முதல் குற்றத்துக்கு 15 நாள் அழைக்கத் தடை. மீண்டும் செய்தால் ஓராண்டு துண்டிப்பு. வரவேற்கிறோம்.

ஆனால் அடிப்படை மாறவில்லையே! "வேண்டாம்" என்று பதியாதவன் எல்லாம் "வேண்டும்" என்றவனாம். வாசலில் "உள்ளே வராதே" என்று எழுதி வைக்காதவன் வீட்டில் எவனும் நுழையலாமா? கேட்டவனை மட்டும் அழை என்பதல்லவா நியாயம்?

நம் எண் அவன் கைக்குப் போனது எப்படி? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் வெளிவந்தது 2025 நவம்பரில். முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாத அவகாசம்! வியாபாரிக்கு அவகாசம், தொழிலாளிக்கு அலைச்சலா?

தோழர்களே! ஒன்றை மறந்துவிடலாகாது. மறுமுனையில் பேசும் பெண்ணும் பிள்ளையும் கூலிக்கு உழைப்பவர்களே. இத்தனை அழைப்பு, இத்தனை ஆள் என்று கணக்கு வைத்து அவர்களை விரட்டுபவன் வேறு. அவர்களை ஏசிப் பயனில்லை; அழைக்க ஏவியவனைப் பிடிக்க வேண்டும்.

எனவே, அழைப்பு வந்த எண்ணையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். 1909-க்குப் புகார் கொடுங்கள். சங்க அலுவலகத்தில், தேநீர்க் கடையில், எழுதத் தெரியாத தோழருக்குக் கற்றுக் கொடுங்கள். ஒருவர் புகார் தந்தால் அது முனகல். ஐவர் தந்தால் அது நடவடிக்கை. விதியே அப்படித்தான் சொல்கிறது!