நூறு டாலரில் ஐம்பது சென்ட்

வியாபாரம் மந்தமானால் ஒரு கடைக்காரர் முதலில் எந்தச் செலவை நிறுத்துவார்? வாடகையை நிறுத்த முடியாது, சம்பளத்தையும் நிறுத்த முடியாது. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடக் கூடிய செலவைத் தான் நிறுத்துவார். அரசுத் துறைகளில் அப்படித் தள்ளிப் போகும் செலவு பெரும்பாலும் ஆராய்ச்சி தான். சாலையில் பள்ளம் விழுந்தால் மக்கள் திட்டுவார்கள். ஆராய்ச்சி நின்று போனால் திட்டுவதற்குக் கூட ஆள் கிடையாது!

அமெரிக்காவில் இதற்கு ஒரு பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.

அங்கே மத்திய அரசு பெட்ரோல், டீசல் மீது வரி வசூலித்து, 1956-ல் தொடங்கிய ஹைவே டிரஸ்ட் ஃபண்ட் என்ற நிதியில் சேர்க்கிறது. அதிலிருந்து மாநிலப் போக்குவரத்துத் துறைகளுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அந்தப் பணத்தின் முக்கிய ஒதுக்கீடுகளில் 2 சதவீதத்தைத் திட்டமிடலுக்கும் ஆராய்ச்சிக்கும் என்று தனியே எடுத்து வைக்க வேண்டும். அந்த 2 சதவீதத்திலும் குறைந்தது 25 சதவீதம் ஆராய்ச்சிக்கும், அதன் முடிவுகளைக் களத்துக்குக் கொண்டு போவதற்கும் செலவாக வேண்டும். இந்த 25 சதவீதக் கட்டாயம் 1991-ல் வந்த சட்டத்தில் சேர்ந்தது.

கணக்கு எளிது. 100 டாலர் வந்தால் 2 டாலர் தனியே போகும். அந்த 2 டாலரில் 50 சென்ட் ஆராய்ச்சிக்கு. பொதுவாக, செலவில் 80 சதவீதம் மத்திய அரசுப் பணம், மீதி 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு.

வெறும் 50 சென்ட்டா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இங்கே அளவை விட முக்கியம் அந்தப் பூட்டு. வருடா வருடம் அதிகாரியிடம் கெஞ்சி வாங்கும் பணத்தை நம்பி ஐந்து வருட ஆய்வை யாரும் தொடங்க மாட்டார்கள். தார் எப்படித் தேய்கிறது, பாலத்தின் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்கப் பல மழையும் வெயிலும் போக வேண்டுமே...

பலன் கிடைத்ததா? 1960-களில் டெக்சாஸ் நெடுஞ்சாலைத் துறையும் அங்கே 1950-ல் தொடங்கிய பல்கலைக்கழக ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, கார் மோதினால் அடியோடு கழன்று விலகும் வழிகாட்டிக் கம்பத்தை உருவாக்கின. கம்பம் போனால் போகட்டும், காருக்குள் இருப்பவர் பிழைக்கட்டும் என்பது தான் யோசனை. கணக்குப் புத்தகத்தில் அந்த ஆய்வு வெறும் செலவாகத் தான் ஏறியிருக்கும். காப்பாற்றிய உயிர்களை எந்தப் பத்தியில் எழுதுவது?

ஊர் கூடித் தேர் இழுக்கும் வழியும் உண்டு. 1958 முதல் 1960 வரை இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்கு அருகே, சோதனைக்காகவே போட்ட சாலைகளில் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். மாநிலங்களும் மத்திய அரசும் கைகோர்த்த அந்தச் சோதனைக்குச் செலவு சுமார் 2.7 கோடி டாலர். அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் சாலையின் சேதம் சுமார் 16 மடங்காகும் என்ற கணக்கு அங்கே தான் பிறந்தது. இந்தியச் சாலைகளின் தடிமனைக் கணக்கிடும்போதும் இந்தக் கணக்கு பயன்படுகிறது. எந்த மாநிலமும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது.

1962-ல் தொடங்கிய தேசியக் கூட்டுறவு நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டமும் இதே வழி தான். மாநிலங்கள் தங்கள் 2 சதவீதப் பணத்திலிருந்து 5.5 சதவீதத்தை அதற்குக் கொடுக்கின்றன. சில மாநிலங்கள் மட்டும் சேர்ந்து கூட்டு நிதி போட்டாலும், அனுமதி கிடைத்தால் அந்த 20 சதவீத மாநிலப் பங்கு தள்ளுபடி ஆகும். சேர்ந்து செய்தால் சலுகை! நல்ல ஏற்பாடு.

ஆனால் இந்தப் பூட்டில் இரண்டு குறைகள்.

ஒன்று, சட்டமே கொடுத்திருக்கும் மாற்றுச் சாவி. திட்டமிடலுக்கே 75 சதவீதத்துக்கு மேல் தேவைப்படுகிறது என்று மாநிலம் சான்று கொடுத்து, மத்திய அமைச்சரும் ஏற்றுக்கொண்டால், அந்த 25 சதவீதக் கட்டாயம் தளர்ந்து விடும். நெருக்கடி வரும்போது திறப்பதற்கென்றே சாவி இருந்தால், நெருக்கடிக்காகப் போட்ட பூட்டு எதற்கு? இந்த விலக்கை நீக்குவதே நியாயம்.

இரண்டாவது, பெட்டியின் அடியில் ஓட்டை. மத்திய பெட்ரோல் வரி காலனுக்கு 18.4 சென்ட். 1993-ல் வைத்த அந்த விகிதம் முப்பது வருடங்கள் கடந்தும் அப்படியே இருக்கிறது. விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2008 முதல் பொது வருவாயிலிருந்து பல முறை பணம் எடுத்துப் போட்டுத் தான் அந்த நிதியை ஓட்டி வந்திருக்கிறார்கள். சதவீதத்தை மட்டும் காப்பாற்றி, எதன் சதவீதம் என்பதைக் கைவிட்டால், 50 சென்ட் பெயருக்குத் தான் 50 சென்ட்.

ஆராய்ச்சிக்கு இன்னும் அதிகம் கொடுங்கள் என்று கேட்பதற்கு முன், கொடுப்பதாகச் சட்டத்தில் எழுதியதை முழுதாகக் கொடுக்கச் சொல்ல வேண்டும். தள்ளிப் போட்ட பள்ளத்தை அடுத்த வருஷம் மூடிக்கொள்ளலாம். பத்து வருடத்துக்கு முன் தொடங்கியிருக்க வேண்டிய ஆய்வை அடுத்த வருஷம் எப்படித் தொடங்குவது?