மருந்தடித்தும் மாவுப்பூச்சி போகாதது ஏன்?

தருமபுரி மாவட்டத்தில் மரவள்ளி போட்டவர்கள் பலருக்கும் ஒரே குறை: மருந்து அடித்த சில நாளில் செடி மறுபடி வெள்ளை பூத்துவிடுகிறது. மருந்தில் வீரியம் இல்லை என்று முடிவு கட்டி, அடுத்த முறை அளவைக் கூட்டுகிறார்கள். இரண்டு மருந்தைக் கலந்தும் அடிக்கிறார்கள். பூச்சி குறைவதில்லை. கோளாறு மருந்தின் வீரியத்தில் இல்லை, அது யாரைக் கொல்கிறது என்பதில்தான் இருக்கிறது.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மரவள்ளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதலில் 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டது. விதைக் குச்சியோடு ஊர் ஊராகப் பரவி நம் பக்கமும் வந்து சேர்ந்தது. 2008-இல் கோவையில் தென்பட்டு மரவள்ளி, மல்பெரியையும் பாதித்த பப்பாளி மாவுப்பூச்சி வேறு, இது வேறு. இது தாக்கிய செடியில் கணுக்கள் நெருங்கி, நுனி இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும்.

அந்தக் கொத்தைப் பிரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் மெழுகுப் பூச்சோடு தாய்ப்பூச்சிகளும், பஞ்சுப் பொதி போன்ற பையில் முட்டைகளும் இருக்கும். தெளிப்பான் நீர் அங்கே சரியாகப் போய்ச் சேராது. சேர்ந்தாலும் மெழுகில் வழிந்துவிடும். இந்த இனம் ஆண் துணையின்றியே பெருகும் என்பதால், தப்பிய சில பூச்சிகளே வயலை நிரப்பப் போதும். ஆனால் அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டும், கண்ணாடி இறக்கைப் பூச்சியும், சிறு குளவியும் இலையின் வெளிப்பரப்பில் நடமாடுபவை. மருந்து முதலில் படுவது அவற்றின் மேல்தான். எதிரி ஒழிந்த வயலில் மாவுப்பூச்சிக்கு என்ன தடை?

ஆப்பிரிக்கா இந்தப் பாடத்தை முன்பே படித்தது. 1970-களில் அங்கே நுழைந்த இந்தப் பூச்சி, கோடிக்கணக்கானோரின் உணவுப் பயிரை அழித்தது. அதன் தாயகமான பராகுவே பகுதியில் கிடைத்த அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை 1981 முதல் அங்கே விட்டார்கள். அந்தப் பணியை வழிநடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021-இல் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டார்கள்.

குளவி என்றதும் கொட்டுமோ என்று பயம் வேண்டாம். எள்ளளவே உள்ள இது மனிதரைக் கொட்டாது, பயிரையும் தொடாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி உப்பி, பழுப்பேறி, கெட்டியாகும். அதில் வட்டமான சிறு துளை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். அந்த வயலில் மருந்தடிப்பது, நமக்காக வேலை செய்பவரையே விரட்டுவது.

அப்படியானால் மருந்தே கூடாதா? இடமறிந்து பயன்படுத்தலாம். நடவுக்கு முன் விதைக் குச்சியை மருந்து நீரில் நனைத்து நடலாம். அப்போது வயலில் நன்மை செய்யும் பூச்சிகள் இல்லை. மருந்தையும் அளவையும் தோட்டக்கலை அலுவலரிடமோ, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். பாதித்த வயலிலிருந்து குச்சி வாங்காதீர்கள். தொடக்கத்தில் நாலைந்து செடியில் மட்டும் தென்பட்டால் நுனியைக் கிள்ளி எரித்துவிடலாம். பழுப்பேறிய பூச்சிகள் தெரியத் தொடங்கிய பிறகு எரிக்க வேண்டாம். குளவியும் சேர்ந்து எரியும். எறும்புச் சாரையையும் கவனியுங்கள். மாவுப்பூச்சி கசியும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நின்று குளவியை அண்ட விடாது.

மருந்தடிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தருமபுரி மல்பெரியும் நிறைந்த மாவட்டம். மரவள்ளிக்கு அடித்த மருந்தின் சாரல் பக்கத்து மல்பெரி இலையில் பட்டால் பட்டுப்புழு சாகும்.

குளவிக்கு வரப்பு தெரியாது. ஒருவர் குளவி விட, பக்கத்துக் காட்டுக்காரர் மருந்தடித்தால் பலனில்லை. ஆகவே குளவி கொடுக்கும் துறை, தனி விவசாயிக்குக் கொடுப்பதோடு நிற்காமல் ஊரைக் கூட்டி, குறிப்பிட்ட நாள்வரை யாரும் தெளிப்பதில்லை என்று பேசி முடித்த பிறகே விட வேண்டும்.