தூண்டிலும் ஒரு மருந்துதான்



குளிர்காலம் முடிகிற இந்த நாட்களில் என்னிடம் வருகிற எம்மவர்களில் பலர் சொல்வது ஒரே முறைப்பாடுதான். "டொக்டர், நித்திரை வருகுதில்லை. குளிசையைக் கொஞ்சம் கூட்டித் தாங்கோ." பிரஷரைப் பார்த்தால் கூடியிருக்கும். சீனியும் கூடியிருக்கும். காலையில் ஒரு வீட்டில் துப்புரவு வேலை, பின்னேரம் இன்னொரு வீட்டில் முதியவரைப் பராமரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "ரீவி பார்ப்பன், படுப்பன்" என்பதே பதில்.

அப்படி வந்த ஒருவருக்கு அண்மையில் நான் குளிசையைக் கூட்டவில்லை. ஏரிக்கரைக்குப் போய்த் தூண்டில் போடுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "டொக்டர், நான் மயிலிட்டியான். எனக்கே தூண்டில் சொல்லித் தாறியளோ?" என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 1990இல் ஊரை விட்டு ஓடிய நாளுக்குப் பிறகு தான் தூண்டிலைத் தொட்டதே இல்லை என்றார். இதை அவருடைய அனுமதியுடன்தான் எழுதுகிறேன்.

இந்த ஆலோசனை எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததல்ல. 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது நான் யாழ். மருத்துவபீட மாணவன். பின்னர் பலெர்மோவுக்கு வந்தபோது கையில் பட்டம் இருந்தது. அதற்கு இங்கே அங்கீகாரம் கிடைக்கச் சில ஆண்டுகள் எடுத்தன. அந்த ஆண்டுகளில் உங்களில் பலரைப் போல நானும் ஒரு முதியவரைப் பராமரித்தேன். வடக்கே பியமொந்தேயில் பிறந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். இரவில் கதவு அடிபட்டாலே நான் துள்ளி எழும்புவதை அவர் கவனித்திருக்கிறார். ஒரு மார்ச் மாத விடியற்காலையில் என்னைக் காரை எடுக்கச் சொன்னார். பின் ஆசனத்தில் தூண்டில் தடிகள் இருந்தன.

போன இடம் பியானா தெல்யி அல்பனேசி. பலெர்மோவிலிருந்து 25 கிலோமீற்றர் அளவில், மலைகளுக்கு நடுவே உள்ள ஊர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் துருக்கியரின் படையெடுப்புக்குத் தப்பி வந்த அல்பேனிய அகதிகள் உருவாக்கியது. 500 ஆண்டுகள் கடந்தும் அவர்களுடைய மொழி அங்கே பேசப்படுகிறது. ஊருக்குக் கீழே உள்ள ஏரி, 1920களில் அணை கட்டியதால் உண்டானது.

ஆசிரியர் போட்டது நாம் அறிந்த புழுத் தூண்டில் அல்ல. இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோலச் செய்த சிறு கொக்கி. அதற்குப் பாரமே இல்லை. பாரம் முழுவதும் கயிற்றில் இருப்பதால், கயிற்றைப் பின்னுக்கும் முன்னுக்கும் வீசி நீரின்மேல் மெதுவாக இறக்க வேண்டும். இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. மசிடோனிய ஆறொன்றில் செந்நிறக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டிய கொக்கியால் மீன் பிடித்ததை, ஏலியன் என்ற உரோம எழுத்தாளர் கி.பி. 200 அளவில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆசிரியர் தேடியது ட்ரவுட் மீனை. குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த, சுத்தமான நீர்தான் அதற்குச் சீவியம். ஆங்கிலேயர் அதை நுவரெலியாவுக்கும் நீலகிரிக்கும் கொண்டுபோய் விட்டது அங்குள்ள குளிருக்காகத்தான். சிசிலிக்கும் சொந்தமாக ஒரு ட்ரவுட் இனம் உண்டு. பலெர்மோவில் வாழ்ந்த ரபினெஸ்க் என்ற இயற்கை அறிஞர் 1810இல் அதற்குப் பெயர் வைத்தார். இன்று தென்கிழக்கே இப்லெய் மலையாறுகளில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. அதை யாரும் பிடிக்க வேண்டாம். இங்குள்ள அணைக்கட்டு ஏரிகளில் அகப்படும் 'பேர்சிக்கோ ட்ரோத்தா' பெயரில் மட்டும்தான் ட்ரவுட். உண்மையில் அது அமெரிக்காவிலிருந்து வந்த வேறு மீன்.

அன்று எங்களுக்கு ஒரு மீனும் அகப்படவில்லை. ஆனால் மூன்று மணித்தியாலம் நான் ஷெல் சத்தத்தை நினைக்கவில்லை. அன்றிரவு விடியும்வரை நித்திரை கொண்டேன்.

இதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. கயிறு எங்கே விழுகிறது என்று பார்க்கிறபோது மனம் பழையதைக் கிண்டுவதில்லை. கரையோரம் நடக்கிறோம், தோள் அசைகிறது, வெயில் படுகிறது. மூச்சு தானாக ஆறுதலாகிறது. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களுக்காக 1996இல் தொடங்கிய 'காஸ்டிங் ஃபோர் ரிகவரி' அமைப்பு இந்தத் தூண்டில் வீச்சையே கற்றுக்கொடுக்கிறது. 2005இல் வோல்ட்டர் றீட் இராணுவ வைத்தியசாலையில் காயப்பட்ட படையினருக்காக 'புரொஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்' தொடங்கியது. ஆயுதம் ஏந்திப் போனவனுக்கே இது தேவைப்பட்டது என்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடிய எங்களுக்குத் தேவையில்லையா? எங்களவர் அதைக் கேட்பதில்லை. மனநோய் என்று ஊர் சொல்லிவிடும் என்ற பயத்தில் குளிசை மட்டும் கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மீன்பிடி என்று சொல்லிப் போத்தலோடு போவதானால் வீட்டிலேயே இருங்கள். மது நித்திரையைக் கெடுக்கும், பிரஷரையும் கூட்டும். ஆண்கள் மட்டும் போய்வர, பெண்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிற பயணமும் வேண்டாம். கிழமை முழுக்க மற்றவர்களின் தாய் தகப்பனைத் தூக்கிப் பராமரிக்கிற எங்கள் பெண்களின் தோளுக்கும் மனதுக்கும் ஓய்வு வேண்டும். புரட்டாதியில் சாந்தா றொசாலியா மலைக்குக் குடும்பமாக நடக்கிறோம். பங்குனியில் ஏரிக்கரைக்கும் அப்படிப் போகலாம். எமது சங்கம் மாதம் ஒரு ஞாயிறு இதை ஒழுங்குசெய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

• வழமையான குளிசைகளை நிறுத்த வேண்டாம். இது மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. கெட்ட கனவும் பதற்றமும் தொடர்ந்தால் மனநல வைத்தியரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

• நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடாமல், இனிப்பும் வைத்திருங்கள்.

• கண்ணாடியும் தொப்பியும் அவசியம். வீசும்போது கொக்கி கண்ணில் படலாம். கையில் ஆழமாக ஏறினால் பிடுங்காமல் வைத்தியரிடம் வாருங்கள்; ஏற்பு ஊசி போட்ட காலத்தையும் சொல்லுங்கள்.

• மார்ச் மாத ஏரி நீர் கடுங்குளிர். அணைக்கட்டுக் கரை திடீரென ஆழமாகும். நீந்தத் தெரிந்தாலும் இறங்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

• சிசிலியில் உண்ணி கடித்து வரும் காய்ச்சல் உண்டு. கோடையில் அதிகம். புல்லில் இருந்து வந்த சில நாட்களில் காய்ச்சல், தோலில் சிவப்புப் புள்ளிகள், கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு கண்டால் உடனே வாருங்கள். வயல்வெளிக்குப் போனதை மறக்காமல் சொல்லுங்கள். நேரத்தோடு கொடுத்தால் மருந்து நன்றாக வேலை செய்யும்.

• அனுமதி, காலம், அளவு ஆகியவற்றுக்கு விதிகள் உண்டு. முன்கூட்டியே விசாரியுங்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். 2024 வரட்சியில் பலெர்மோவில் தண்ணீர் முறைவைத்து விடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

மயிலிட்டி ஐயா போன ஞாயிறு பேரனைக் கூட்டிக்கொண்டு போனாராம். மீன் அகப்பட்டதா என்று கேட்டேன். "இல்லை டொக்டர். ஆனால் பெடியனுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் குடுத்தனான்" என்றார். பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒரு நாள் அளவை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன். அடுத்த மாதமும் போய்வரச் சொல்லியிருக்கிறேன்.