பாடம் நடத்த நேரம் எங்கே?
கல்லூரித் துறைகளை அழுத்தும் காகித மூட்டை

மகன் கல்லூரிக்குப் போகிறான். மகளும் போகிறாள். காலையில் பஸ் ஏறுகிறார்கள். மாலையில் களைத்துத் திரும்புகிறார்கள். இடையில் அங்கே என்ன நடக்கிறது?

"என்ன நடக்கும்? பாடம்தான் நடக்கும்!" என்பார்கள் பெற்றோர்கள்.

அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, "துறை" என்று பலகை தொங்கும் ஒரு சிறு அறைக்குள் நடக்கிறது.

பல துறைகள் சேர்ந்ததுதான் கல்லூரி. தமிழ்த் துறை, கணிதத் துறை, வேதியியல் துறை, வரலாற்றுத் துறை என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் மாதிரி. குடும்பத்துக்கு மூத்தவர், துறைத் தலைவர். அவரும் வாத்தியார்தான். மற்றவர்களைப் போல அவரும் வகுப்புக்குப் போகவேண்டும். அது போக, வீட்டு நிர்வாகம் முழுவதும் அவர் தலையில்!

காலையில் முதல் கவலை, யார் வரவில்லை என்பது. ஒருவர் லீவு. இன்னொருவர் விடைத்தாள் திருத்தப் பல்கலைக்கழகம் போய்விட்டார். அவர்களுடைய வகுப்புக்கு யாரை அனுப்புவது? அதைத் தீர்ப்பதற்குள் வாசலில் நாலு மாணவர்கள். ஒருவனுக்குச் சான்றிதழ். ஒருத்திக்கு உதவித்தொகை மனுவில் கையெழுத்து.

திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை!

கால அட்டவணை என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் அதில் திங்கள், செவ்வாய் என்று கிழமை இருக்காது. முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறாம் நாள் வரை எண் போட்டிருக்கும். இதற்கு "டே ஆர்டர்" என்று பெயர். திங்கட்கிழமை விடுமுறை வந்தால் அந்தப் பாடம் போய்விடாது. மறுநாள் அந்த எண்ணிலிருந்தே தொடரும். எந்தப் பாடமும் விடுமுறையில் அடிபடாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் "இன்றைக்கு எத்தனையாவது நாள்?" என்று வாத்தியாரே மாணவனைக் கேட்பதும் உண்டு!

68 நாள் கணக்கு

துறையில் உள்ள காகிதங்களில் மிகவும் பொல்லாதது வருகைப் பதிவேடு. நூற்றுக்கு 75 வீதம் வந்தால்தான் பரீட்சை எழுதலாம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 68 நாள் வரவேண்டும். பல பல்கலைக்கழகங்களில் 65 வீதத்துக்கு மேல் வந்தவர், தக்க காரணம் காட்டி, அபராதம் கட்டிப் பரீட்சை எழுதலாம். அதற்கும் கீழே போனால் கதவு மூடிவிடும்.

யாருக்கு வருகை குறைகிறது? ஊர் சுற்றும் பையனுக்கு மட்டும் அல்ல. முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போகும் பையனுக்கும் குறைகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் குறைகிறது. பதிவேட்டில் இருவருக்கும் ஒரே அடையாளம்தான். எது எந்த ரகம் என்று துறைக்குத்தான் தெரியும். மாணவனை முகம் பார்த்து அறிந்த துறைத் தலைவர், கணக்கு விழுவதற்கு முன்பே கூப்பிட்டு எச்சரிப்பார். காகிதத்தை மட்டும் பார்க்கிறவருக்குப் பருவக் கடைசியில்தான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

நாலு பேர், ஒரே கேள்வி

முன்பு துறைக்கு இவ்வளவு வேலை இல்லை. பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் போடும். கேள்வித்தாளும் அங்கிருந்தே வரும். 1978-ல் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வந்தது. பிறகு மேலும் பல கல்லூரிகளுக்குப் பரவியது. அங்கெல்லாம் பாடம் போடுவது முதல் மதிப்பெண் போடுவது வரை துறையின் பொறுப்பு. சுதந்திரம் வந்தது, கூடவே வேலையும் வந்தது.

1994-ல் "நாக்" என்ற தர மதிப்பீட்டுக் குழு ஏற்பட்டது. துறை என்ன செய்தது என்பதற்கு அது சாட்சி கேட்டது. கூட்டம் நடந்ததா? போட்டோ எங்கே? போட்டோவில் இடமும் நேரமும் பதிந்திருக்கிறதா? பிறகு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு வந்தது. 2016 முதல் மத்திய அரசின் தரவரிசைப் பட்டியலும் வருகிறது. எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர், எத்தனை கட்டுரை? ஒவ்வொரு இடமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு படிவம்! ஒரு முறை எழுதி நாலு இடத்துக்கு அனுப்ப வழி செய்யக்கூடாதா? கம்ப்யூட்டர் வந்த பிறகும் இப்படி என்றால், கம்ப்யூட்டர் எதற்கு?

இத்தனைக்கும் பல கல்லூரிகளில் துறைக்கென்று ஒரு குமாஸ்தா கிடையாது. பி.எச்.டி. வாங்கியவர் உட்கார்ந்து கட்டம் கட்டமாக நிரப்புகிறார்.

அதற்காகக் காகிதமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. பல இடங்களில் 100 மதிப்பெண்ணில் 25 கல்லூரியே போடுவது. அந்த 25 தவறுதலாக ஏறாமல் விட்டுப்போனால், மாணவி தோற்றதாகச் சீட்டு வரும். அவள் அழுதுகொண்டு துறைக்குத்தான் ஓடி வருவாள். அங்கே பதிவேடு ஒழுங்காக இருந்தால் அவள் பிழைத்தாள்! ஆய்வுக்கூடத்தில் உடைந்த பிப்பெட்டுக்குக் கணக்கு எழுதுவதும் அப்படித்தான். எழுதாவிட்டால் ஆண்டுக் கடைசியில் சரிபார்க்கும்போது யார் தலையிலாவது விழும்.

பதினாறு மணி

எல்லாவற்றையும் விடப் பெரிய காகிதம் ஒன்று உண்டு. அது வேலைப் பளு அறிக்கை. இதை வைத்துத்தான் ஒரு துறைக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட விதியின்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் வகுப்பு எடுக்கவேண்டும். ஒரு துறையில் மூன்று வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 30 மணி வீதம் மொத்தம் 90. முதல் இரண்டு வருடங்களிலும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தலா 12 மணி போனால் மீதி 66. அதைப் பதினாறால் வகுத்தால் நாலு பேர்! ஆசிரியர் பாடம் நடத்தும் நேரம் மட்டுமே இந்தக் கணக்கில் ஏறுகிறது. படிவம் நிரப்பிய நேரமும், அழுகிற பெண்ணுக்குப் பதிவேட்டைத் தேடிய நேரமும் எந்தக் கட்டத்திலும் இல்லை.

நாலு பேராவது நிரந்தரமாக இருந்தால் சரி. அரசுக் கல்லூரிகளில் காலி இடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு நிரப்புவது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. "கௌரவம்" பெயரில்தான். 2019-ல் மானியக் குழு இவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50 ஆயிரம் வரை தரலாம் என்றது. அந்தத் தொகையை எட்டாமலே ஆயிரக்கணக்கானோர் பாடம் நடத்தி வந்திருக்கிறார்கள். அவர்கள் போராட்டம் என்று உட்கார்ந்தால், முதலில் காலியாவது முதலாண்டு மாணவர்களின் வகுப்புத்தான்.

மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் தந்தை கட்டடத்தைப் பார்க்கிறார். பஸ் வசதியைக் கேட்கிறார். துறை அறைக்குப் போய், "இங்கே எத்தனை ஆசிரியர்? எத்தனை இடம் காலி?" என்று கேட்பவர் அபூர்வம். கேட்டால் பதில் சுவரிலேயே இருக்கும். ஜூன் மாதத்தில் ஒட்டிய புதுக் கால அட்டவணையில் பாடத்தின் பெயர் எழுதியிருக்கும். அதற்கு நேரே ஆசிரியர் பெயர் எழுதவேண்டிய இடத்தில், சில கட்டங்களில், வெறும் கோடு போட்டிருக்கும்.