குளத்துப் பாசியும் கல்லூரி மாணாக்கரும்

வழுக்குவது, நாறுவது, வாரி எறியத் தக்கது என்னும் மூன்று குணங்களையன்றிப் பாசிக்கு வேறொரு குணமும் நம்மவர் காண்பதில்லை. திருநள்ளாற்று நளதீர்த்தமாயினும் ஊர்க்கோடிக் குட்டையாயினும், படியில் படர்ந்த பசுமையைக் கண்டால் முகஞ்சுளித்து விலகுவதே வழக்கம். அத்தகைய பாசியொன்றை ஆராய்வதிலேயே ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார் என்று கேட்பின், 'இதனால் வந்த பயன் யாது?' என்று வினவாதார் அரியர். அவ்வினா தக்கதே. அதற்கு விடை கூறுதலும், அவ்விடையினின்று நம் கல்லூரி மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க கடமையொன்றைச் சுட்டுதலுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தியாவில் பிறந்து அமெரிக்கா சென்று கற்றவர் சபீகா மெர்ச்சண்ட் அம்மையார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1979இல் இளங்கலைப் பட்டமும் 1983இல் டாக்டர் பட்டமும் பெற்ற அவர், பின்னர் ஹார்வர்டில் லாரன்ஸ் பொகோராட் என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சி பயின்றார். ஆண்டு அவர் கைக்கொண்ட உயிர், கிளாமிடோமோனாஸ் என்னும் பாசி. அஃது ஒரே உயிரணுவாலாகியது. மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கே பருமனுடையது. ஈர மண்ணிலும் குளத்து நீரிலும் வாழ்வது. இரு கசையிழைகளை அசைத்து நீந்துவது. அசிட்டேட்டு என்னும் உணவை அளித்தால் அஃது இருளிலும் வளரும். ஆதலின், ஒளியைக்கொண்டு உணவாக்கும் தொழில் பழுதுபட்ட பாசியையும் உயிரோடு வைத்துச் சோதித்தல் இயலும். ஒளிச்சேர்க்கையை ஆராய்வோர் இதனை விரும்புவதன் காரணம் இதுவே.

ஒளிச்சேர்க்கையாவது, சூரிய ஒளியின் ஆற்றலால் நீரினின்று பிரித்த எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுசெல்லும் தொடர்த்தொழில். அத்தொடரில் ஓரிடத்தே பிளாஸ்டோசயனின் என்னும் புரதம் ஓடம்போல் நின்று எலக்ட்ரானை ஏற்றி இறக்குகின்றது. அப்புரதத்திற்குச் செம்பு இன்றியமையாதது. செம்பில்லா நீரில் ஓடம் ஏது? கிளாமிடோமோனாஸ் அப்பொழுது சோர்ந்துவிடுவதில்லை. இரும்பைக்கொண்ட சைட்டோகுரோம் என்னும் மற்றோர் ஓடத்தை இறக்கித் தன் தொழிலை நடத்துகின்றது. செம்புப் புரதமும் இரும்புப் புரதமும் பாசியில் இங்ஙனம் ஒன்றற்கொன்று மாறிநிற்கும் என்பதை 1978இல் உட் என்பார் வெளியிட்டார்.

செம்பு குறைந்தது என்பதை மூளையில்லாத ஓர் உயிரணு எவ்வாறு அறிகின்றது? அறிந்து எந்த மரபணுவை எழுப்புகின்றது? இவையே மெர்ச்சண்ட் அம்மையார் எடுத்துக்கொண்ட வினாக்கள். செம்பு குன்றியபொழுதே சைட்டோகுரோமின் மரபணு தொழிற்படுகின்றது என்பதையும், செம்பு பெறாத பிளாஸ்டோசயனின் விரைவில் சிதைக்கப்படுகின்றது என்பதையும், பொகோராட்டுடன் 1986இல் வெளியிட்ட கட்டுரைகளில் அவர் காட்டினார். 1987இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான பின்னும் அவ்வினாவைக் கைவிட்டாரில்லை. இம்மாற்றத்தை ஆளும் புரதம் இன்னதென்று 2005இல் அவர்தம் ஆராய்ச்சிக்கூடத்தார் தெளிவித்தனர். ஏறத்தாழ இருபதாண்டு, வினா மாறவில்லை, விடையே ஆழ்ந்துகொண்டு சென்றது.

இதனிடையே அப்பாசியின் மரபணுத்தொகுதி முழுவதையும் படிக்கும் பெருமுயற்சியிலும் அவர் தலைநின்றார். ஏறக்குறைய 12 கோடி எழுத்துக்களும் 15,000 மரபணுக்களும் அடங்கிய அத்தொகுதியின் வரலாறு, நூற்றுக்கு மேற்பட்ட அறிஞரின் கூட்டுழைப்பாக 2007இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. 2012இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்துகொண்டது.

'இதனால் மக்கட்குப் பயன் யாது?' என்று மீண்டும் வினவுவோர்க்கு இதே பாசி தரும் விடையொன்று உண்டு. அதன் கசையிழைக்குள் பொருள்கள் மேலுங்கீழும் ஏறியிறங்குவதை 1993இல் யேல் பல்கலைக்கழகத்தார் கண்டனர். அது வெறும் வேடிக்கையாகவே தோன்றியிருக்கும். ஏழாண்டு கழிந்து, அப்போக்குவரத்திற்கு வேண்டிய மரபணுவொன்று பழுதுற்ற எலிகளின் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றுகின்றன என்பது வெளிப்பட்டது. பாசியின் கசையிழையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அறியாமலே ஒரு நோயின் வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயன் முன்னே தெரிந்த பின்னரே ஆராய்வோம் என்பார்க்கு இத்தகைய பயன் என்றும் கிட்டாது.

இவையெல்லாம் செல்வம் மிக்க அயல்நாட்டார்க்கே ஆகும் என்று சிலர் கூறக்கூடும். அது பொருந்தாது. சென்னையில் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963) நம் நாட்டுக் குளங்களையும் ஈரநிலங்களையும் தேடித்திரிந்து பாசியியலை இந்நாட்டில் வேரூன்றச் செய்தார். ஈரமண்ணில் வளரும் ஒரு பாசியைக் கண்டு, தம் ஆசிரியர் பிரிட்ச் என்பாரின் பெயரால் பிரிட்சியெல்லா என 1932இல் அவர் வழங்கிய பெயர், நிலத்தாவரங்களின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சிகளில் இடம்பெற்றது. அம்மரபில் வந்த தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசி நூல் உலகறிந்தது. அந்நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி நெல்வயலுக்கு உரமாக்குகின்றன என்பதை 1939இல் எடுத்துக்காட்டிய டே என்பவரும் இந்தியரே.

நெல்வயல் என்றவுடன் நம் காரைக்கால் நினைவிற்கு வருதல் இயல்பு. காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை இது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்து, இன்று புதுச்சேரியைச் சார்ந்து, நிலப்புறமெல்லாம் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ, கிழக்கே கடலோடு முடியும் சிறுநிலம். பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டரே. சிறியதென்று நாம் நாணுகின்றோம். ஆனால் ஆராய்வார்க்குச் சிறுமை ஒரு நன்மை. ஓருயிரணுவைத் தேர்ந்தவர் அதனை முற்றும் அறிந்தார். சிறுநிலத்தைத் தேர்ந்தவரும் அங்ஙனமே முற்றும் அறிதல் கூடும். அரசலாற்றின் நன்னீர், கழிமுகத்தின் உவர்நீர், அம்மையார் கோயில் முன்னுள்ள குளத்தின் தேங்குநீர், வயல்நீர் ஆகிய நான்கும் ஒரே நாளில் நடந்து சேரத்தக்க எல்லையில் உள்ளன.

ஆயினும் நம் தோழர் பலர் தாவரநூலைக் கற்பதற்கே அஞ்சுகின்றனர். 'அதனைக் கற்றால் சோறு கிடைக்குமா?' என்று பெற்றோர் கேட்கின்றனர். கடன்பட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் உழவரைக் குறைகூற நமக்கு வாயில்லை. அனைவரும் ஆராய்ச்சியாளராக வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. எத்தொழிலுக்குச் செல்வாரும், கல்லூரியிலிருக்கும் மூன்றாண்டில் ஒரு சிறு வினாவையேனும் விடாது பற்றிப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும்.

தமிழ் பயில்வோர்க்குப் பாசியோடு என்ன உறவு என்று நகைப்பாரும் உளர். குறுந்தொகையின் 399ஆம் பாட்டில், தொடுந்தொறும் நீங்கி விடுந்தொறும் பரவும் கேணிப் பாசியைப் பசலைக்கு உவமையாக்கிய பரணர், நீர்த்துறையில் நின்று கண்ணூன்றி நோக்கியவரேயாவார். நோக்கும் கண் புலவனுக்கும் விஞ்ஞானிக்கும் பொது. நோக்கியதைப் பிழையற எழுதும் கையும் பொதுவே.

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்று. தாவரநூல் மாணாக்கரும் தமிழ் மாணாக்கரும் கூடி, காரைக்கால் நீர்நிலைகள் நான்கினைத் தேர்ந்து, திங்கள்தோறும் நீர் எடுத்து, கல்லூரி நுண்ணோக்கியில் கண்டதை நல்ல தமிழில் குறித்துவைத்தல் வேண்டும். முதலாண்டுக் குறிப்பு சிறிதாகவே இருக்கும். பத்தாண்டு தொடரின், எக்குளம் மாசுற்றது, எவ்வயலில் உவர் ஏறியது என்று அதனைக் கொண்டு உழவர்க்குச் சொல்லலாம். ஒரு வகுப்பார் விட்ட இடத்தில் அடுத்த வகுப்பார் தொடங்குதலே இதன் உயிர். வரும் ஆண்டு மலரில் அக்குறிப்பின் முதற்பக்கம் வெளிவருமாக.