பின்பலகையைத் தட்டிப் பார்த்த பிறகு எஞ்சின்

1961-இல் அமெரிக்காவின் லைஃப் இதழில் வெளிவந்த படங்களைப் படகுத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் பேசுகிறார்கள். பாஸ்டன் வேலர் நிறுவனர் டிக் ஃபிஷர் தன் படகில் உட்கார்ந்திருக்க, அதை ரம்பத்தால் குறுக்கே அறுக்கிறார்கள். இரண்டு பாதியும் மிதக்கின்றன. எஞ்சின் மாட்டிய பின்பாதியை அவர் ஓட்டிக்கொண்டே போய்விடுகிறார். இரண்டு கண்ணாடியிழை ஓடுகளுக்கு நடுவே நுரையை நிரப்பிய அந்தக் கட்டுமானம் பல எஞ்சின்களின் ஆயுளைத் தாண்டி உழைக்கிறது. அதனால்தான் நாற்பது வயதான வேலர் படகுகள் புது எஞ்சினுக்காக இன்னும் பட்டறைக்கு வருகின்றன.

வருகிறவர்களில் பலரும் பழையதைவிடப் பெரிய எஞ்சினையே கேட்கிறார்கள். வேலரின் 17 அடி மோன்டாக்கை எடுத்துக்கொள்வோம். பழைய மோன்டாக்கின் திறன் தகட்டில் உச்ச வரம்பு 100 குதிரைத்திறன். 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு கணக்கு வைத்திருக்கிறது: அடியில் நீளத்தை, எஞ்சின் மாட்டும் பின்பலகையின் அகலத்தால் பெருக்கி, அதை இரட்டித்து, 90-ஐக் கழிக்க வேண்டும். 17 அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் என்றால் விடை 97. ஐந்தின் மடங்காக உயர்த்தினால் 100. தொலைவிலிருந்து இயக்கும் ஸ்டியரிங்கும் குறைந்தது 20 அங்குலப் பின்பலகை உயரமும் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

நூறு தாங்கும் படகு 115-ஐத் தாங்காதா என்று உரிமையாளர் கேட்பார். அந்த 115 எவ்வளவு வேகம் தரும் என்பதை முதலில் காட்டிவிடுவது நல்லது. நீரின் மேலெழுந்து ஓடும் படகின் வேகம் திறனுக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. எடைக்குத் திறன் என்ன விகிதமோ அதன் வர்க்கமூலத்தைத்தான் பின்தொடரும். படகு வேகத்தைக் கணிக்கும் க்ரவுச் சூத்திரம் சொல்வது இதைத்தான். பழைய 90-இலிருந்து 115-க்குப் போனால் திறன் 28 விழுக்காடு ஏறும், வேகமோ 13 விழுக்காடுதான். மணிக்கு 40 மைல் ஓடிய படகு 45-ஐத் தொடும். கூடுதல் எடை அதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

உண்மையான சிக்கல் அந்த எடைதான். பழைய மூன்று சிலிண்டர் டூ-ஸ்டிரோக் 90 ஏறக்குறைய 120 கிலோ. இன்றைய ஃபோர்-ஸ்டிரோக் 90-உம் 115-உம் பெரும்பாலும் 160 கிலோவைத் தாண்டுகின்றன. மோன்டாக்கின் வெற்று உடல் எடையோ சுமார் 430 கிலோ. ஆக, திறனைக் கூட்டாமல் எஞ்சினை மட்டும் மாற்றினாலும், படகின் கடைக்கோடியில், தாங்க நீர் குறைவான இடத்தில், 40 கிலோ புதிதாகத் தொங்குகிறது. நின்றிருக்கும்போதே வடிகுழாய் வழியாகத் தண்ணீர் தளத்துக்கு ஏறலாம். விலைப்புள்ளி எழுதும் முன் பழைய எஞ்சினோடு 40 கிலோ மணல் மூட்டையைப் பின்னால் ஏற்றிப் படகை நீரில் விட்டுப் பாருங்கள். நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று உரிமையாளரே பார்த்துவிட்டால் வாதமே தேவைப்படாது.

அடுத்தது பின்பலகை. வேலரிலும் அதற்குள் இருப்பது ஒட்டுப்பலகைதான். எஞ்சின் போல்ட் துளைகளில், அதிலும் கீழ்த்துளைகளில், பசை விட்டுப்போன இடம் வழியே நீர் இறங்கும். வெளியே ஜெல்கோட் பளபளவென்றே இருக்கும். சிறு சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தால், கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மொத்தென்று மாறும். அங்கே உட்புறமாக மெல்லிய துளையிட வேண்டும். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் நிம்மதி. கறுத்து ஈரமாகத் துளைமுனையில் ஒட்டிக்கொண்டு வந்தால் பலகை போய்விட்டது. எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி அதன் கீழ்ப்பகுதியை அழுத்தும்போது பின்பலகை அசைந்தாலும் அதே தீர்ப்புதான். நுரையில் நீர் கோத்திருக்கிறதா என்பதை எடைமேடை சொல்லிவிடும்.

குதிரைத்திறன் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1980-களின் நடுப்பகுதிவரை பல அவுட்போர்டுகளின் திறனை கிராங்க் தண்டில் அளந்தார்கள். பிறகு அளவு புரொப்பல்லர் தண்டுக்கு மாறியது. 1970-களின் 85-ஐக் கழற்றிவிட்டு இன்றைய 90-ஐ மாட்டினாலே, தகடுகளில் தெரியும் ஐந்தைவிட அதிகம் கிடைக்கிறது. யமஹா எஃப்70 போன்ற எஞ்சின் பழைய டூ-ஸ்டிரோக் 90-இன் எடைக்குள்ளேயே அடங்கும். குடும்பத்தோடு உலா போகிற, மீன்பிடித்துத் திரும்புகிற மோன்டாக்குக்கு இவ்விதழ் பரிந்துரைப்பது அதைத்தான். வேகம் சற்றுக் குறையும். படகு வடிவமைத்த மட்டத்தில் மிதக்கும்.

தகட்டு வரம்புக்குள் 100 வரை போகிறவர்களுக்கு மற்ற வேலைகள் பழகியவைதாம். தேய்ந்த ஸ்டியரிங் கேபிளை மாற்றுவது, எரிபொருள் குழாயைப் புதுப்பித்து 10 மைக்ரான் நீர்ப்பிரிப்பு வடிகட்டி போடுவது, பேட்டரியை நடுவிலுள்ள கன்சோலுக்கு நகர்த்துவது. புரொப்பல்லரை மட்டும் அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. முழுச் சுமையோடு முழு திராட்டிலில் ஓட்டி, தயாரிப்பாளர் சொன்ன சுற்று வரம்பை எட்டுகிறதா என்று பார்த்தே ஒப்படைக்க வேண்டும். ஓர் அங்குலப் பிட்ச் மாற்றத்துக்கு நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வித்தியாசம் வரும்.

தகட்டைத் தாண்டுவதைக் கூட்டாட்சிச் சட்டம் உரிமையாளருக்குத் தடுக்கவில்லை. ஆனால் தடுக்கும் மாநிலங்கள் உண்டு, காப்பீடு மறுக்கப்படலாம், விபத்து நடந்தால் மாட்டிய பட்டறையின் பெயரும் வழக்கில் வரலாம். தகட்டுக்கு மேல் கேட்கும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லுங்கள். காரணத்தை விலைப்புள்ளித் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். பின்பலகைச் சோதனையின் முடிவையும் அதோடு இணையுங்கள்.