இஸ்திரி போட்ட கதை

கல்யாணம் ஆகாத தம்பிமார்கள், 'ஐயோ, குழந்தை வளர்ப்பு!' என்று அடுத்த பக்கத்துக்குத் தாவ வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படித் தாவியவன்தான். தாவிய இடத்தில் கல்யாணம். அடுத்த வருஷமே பெண் குழந்தை. இப்போது அவளுக்கு மூன்று வயசு.

போன வருஷம் தடுப்பூசி போடக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா எடை பார்த்தார், உயரம் பார்த்தார், கடைசியாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வீட்ல குழந்தைக்கு புக் படிச்சுக் காட்றீங்களா?"

"அவளுக்கு இன்னும் எழுத்தே தெரியாதே டாக்டர்..."

"அவளுக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்குத் தெரியும்ல?"

பக்கத்து நாற்காலியில் என் மனைவி கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா சும்மா கேட்கவில்லை. பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 1989-லேயே செக்கப்புக்கு வரும் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் கொடுத்து அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். 1992-ல் இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில், 300 கைக்குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுத்து ஒரு திட்டம் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவியது. 2014-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், 'பிறந்ததிலிருந்தே படித்துக் காட்டுங்கள்' என்று கொள்கையாகவே சொல்லிவிட்டது. பல் முளைக்காத குழந்தை புத்தகத்தை என்ன செய்யும்? கடிக்கும். கடிக்கட்டும் என்கிறார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் 1,800 ரூபாய்க்கு வாங்கிக் குவித்தேன். வழவழ தாள், பளபள படம். வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? கிழித்துவிடுவாளே என்று ஷோகேஸ் உச்சியில், கல்யாணத்துக்கு வந்த கண்ணாடித் தாஜ்மகாலுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தேன். இரண்டு மாசம் அவை பத்திரமாக இருந்தன. தாஜ்மகாலும் பத்திரமாக இருந்தது.

எங்கள் ஃப்ளாட் வாசலில் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைகளைப் போடப் போனேன். பாப்பாவும் கூட வந்தாள். வண்டிக்காரரின் பையன், எட்டு வயசு இருக்கும், துணி மூட்டைமேல் உட்கார்ந்து அட்டை இல்லாத ஒரு புத்தகத்தை ராகம் போட்டுச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு இட்லி சாப்பிட ஆறு இடம் மாறுகிற என் பெண், அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தவள் இருபது நிமிஷம் அசையவில்லை.

"நமக்கு எழுத்து வராது சார்," என்றார் வண்டிக்காரர், பெட்டியில் கரியைத் தட்டிக்கொண்டே. "அவன் படிப்பான். நான் கேட்டுக்கிட்டே தேய்ப்பேன். வேலை ஓடறது தெரியாது."

"புக்கு ஏது?"

"பழைய பேப்பர் கடையில கிலோ கணக்குல வரும். கேட்டா ஒண்ணு ரெண்டு குடுப்பாங்க."

அந்த இஸ்திரிப் பெட்டியை என் முதுகில் வைத்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு ராத்திரியே ஸ்டூல் போட்டுப் புத்தகங்களை இறக்கினேன். எல்லாம் தரையில், அவள் கைக்கு எட்டும் இடத்தில். பத்தே நிமிஷத்தில் முதலையின் வால் கிழிந்தது. துண்டு எங்கே என்று தேடினோம். கிடைக்கவில்லை. சாப்பிட்டிருக்கலாம்.

அதன்பிறகு தினமும் ராத்திரி பத்து நிமிஷம். பத்து என்றால் பத்துதான். ஆபீஸ் விட்டு, பஸ் பிடித்து, எட்டரைக்கு வீடு சேருகிறவனுக்கு அதற்கு மேல் தெம்பு கிடையாது. இத்தனை புத்தகம் வாங்கியும் அவளுக்கு வேண்டியது அந்த வாலில்லா முதலைதான். நாற்பது நாள் ஒரே முதலை! ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் தள்ளினேன்.

"அப்பா, குரங்கு எங்கே?"

மாட்டிக்கொண்டேன். உள்ளேயிருந்து மனைவி: "ஏங்க, ஆபீஸ்லதான் ஃபைலைப் படிக்காம கையெழுத்துப் போடறீங்க. இங்கயுமா?"

கொஞ்ச நாளில் ஒரு விஷயம் கவனித்தேன். நாம் குழந்தையிடம் என்ன பேசுகிறோம்? 'சாப்பிடு, தொடாதே, விழுந்துடுவே, ஷூவைக் கழட்டு.' மொத்தம் நாற்பது வார்த்தைக்குள் ஒரு நாள் முடிந்துவிடும். ஆழம், கரை, தந்திரம், ஏமாற்றம் எல்லாம் எந்த வீட்டுச் சமையலறையில் வருகிறது? கதையில்தான் வருகிறது. அதுவும் தமிழில் ஒரு கூடுதல் சிக்கல்: நாம் பேசுவது ஒன்று, எழுதுவது வேறொன்று. வீட்டில் நரி 'வந்துச்சு'. புத்தகத்தில் நரி 'வந்தது'. காதால் கேட்டுப் பழகாத குழந்தைக்கு, ஒண்ணாங்கிளாஸ் பாடப்புத்தகம் வேற்றூர்க்காரர் பேச்சு மாதிரிதான் இருக்கும். என் பெண்ணுக்கு இப்போது அந்தப் பிரச்சினை இல்லை. அளவுக்கு மீறியே இல்லை. போன வாரம் மாமனார் மாமியார் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "அம்மா, எனக்கு மிகவும் பசிக்கிறது. விரைவாகத் தா!" என்றாள். மாமனார் தோசையை வாயில் வைக்க மறந்துவிட்டார்.

எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியிருந்ததா? நாங்கள் குடியிருந்த ஸ்டோரில் ஆறு குடித்தனம், ஒரே ஒரு 'அம்புலிமாமா'. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947-ல் ஆரம்பித்த பத்திரிகை. இப்போது அது வருவதில்லை. முன்போர்ஷனில் வாங்குவார்கள், ஒவ்வொரு வீடாக நகர்ந்து எங்களிடம் வரும்போது மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை எல்லாம் ஏறியிருக்கும். அப்பா வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் டக்கென்று மூடிவிடுவார். "சொல்லுங்கடா, விக்கிரமன் என்ன சொல்லியிருப்பான்?" நாங்கள் அடித்துக்கொள்வோம். அவருக்கும் பதில் தெரியாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அப்பா ஒரு சாதாரண குமாஸ்தா. ஆபீஸ் வேலை பார்த்தால் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று யாராவது சொன்னால், குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பாவை நினைத்துக்கொள்வேன். அவர் பேங்க் உத்தியோகம் பார்த்துக்கொண்டேதான் அத்தனை பாட்டும் எழுதினார். நாம் எழுதக்கூட வேண்டாம். படித்தால் போதும்.

காசும் பெரிய விஷயமில்லை. நம் ஊரில் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் வசூலாகிறது. காசு கட்டிவிட்டு லைப்ரரி பக்கமே போகாமல் இருப்பது, டிக்கெட் எடுத்துவிட்டு நடந்து போகிற மாதிரி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. நாங்கள் போனோம். வெளியே வரமாட்டேன் என்று அழுத அழுகையில் செக்யூரிட்டி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மட்டும் ஆபீஸில் செம டோஸ். வந்ததும் சோபாவில் சாய்ந்து செல்போனைத் தேய்க்க ஆரம்பித்தேன். பாப்பா புத்தகத்தோடு வந்து நின்றாள். "நாளைக்கு" என்றேன். போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், கரடி பொம்மையை மடியில் வைத்து, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து, அதற்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். என் குரல், என் இழுவை, நடுவில் என் கொட்டாவி. ஒரு பக்கம் படித்ததும் உள்ளங்கையைத் திருப்பி, அதில் கட்டைவிரலை மேலும் கீழும் தள்ளினாள். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. போனை அலமாரிக்குள் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவளாகவே முதலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே கிளம்பினாள். "அண்ணாவுக்கு." எனக்குத் திக்கென்றது. விலை 250 ரூபாய். கரி, தண்ணீர், தூசி... ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறக்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் ஆச்சு. புத்தகம் வரவில்லை. பத்து நாள். 'போச்சு' என்று முடிவு கட்டினேன். பன்னிரண்டாம் நாள், சட்டைகளுக்கு நடுவில் வைத்து வண்டிக்காரரே கொண்டுவந்தார். பாப்பா கசக்கிவைத்திருந்த தாளெல்லாம் விறைப்பாக, மொடமொடவென்று இருந்தது.

"லேசா சூடு காட்டினேன் சார். துணி போட்டு, மேலாக."

கிழிந்த இடத்தில் நோட்டுத் தாள் ஒட்டி, பையன் பென்சிலால் வால் வரைந்திருந்தான். முதலையைவிட நீளமான வால். பாப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

வண்டிக்காரர் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"வேற ஒண்ணு குடுங்க சார். முதலையை மூணு தடவை கேட்டாச்சு. கொஞ்சம் பெரிய கதையா இருந்தா... தீபாவளி சீசன் பாருங்க, துணி நிறைய வரும்."